தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போய் மூன்று வருடம்: இன்றும் எனக்குக் கைகொடுப்பது எது

2022 ஜூனில் பத்து நாள் இலவசத் தொழில்முனைவோர் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். முடித்த கையோடு எழுதியிருந்தால் எல்லாமே அருமை என்று எழுதி முடித்திருப்பேன், அதனால் யாருக்கும் பிரயோஜனம் இருந்திருக்காது. இப்போது மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் முருங்கைக்கீரைப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி செய்து விற்கிறேன். அந்தப் பத்து நாளில் கற்றதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது.

பயிற்சி நடத்தியவர் ஒரு பெண். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயர் சொல்லவில்லை, அவர் விரும்ப மாட்டார். நாங்கள் 28 பேர், முக்கால்வாசி பெண்கள். தையல், மெழுகுவர்த்தி, ஊறுகாய், ஆடு வளர்ப்பு என்று ஆளுக்கு ஒரு கனவு.

மூன்றாம் நாள் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பயிற்சி என்றால் அந்த நாள்தான். நான் ஏற்கெனவே வீட்டில் முருங்கைப் பொடி செய்து 100 கிராம் 40 ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, "உங்க செலவை எழுதுங்கம்மா" என்றார். எழுதினேன். கீரை 10 கிலோ 200 ரூபாய், அதில் பொடியாகத் தேறுவது சுமாராக 1.2 கிலோ, அதாவது 12 பாக்கெட். கவர் 60, லேபிள் 12, அரவை 30, பஸ் 40. மொத்தம் 342. பாக்கெட்டுக்கு 28 ரூபாய் 50 காசு. 40க்கு விற்கிறேன், பதினொன்றரை ரூபாய் லாபம் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"கீரையை யார் உருவினது?" என்று கேட்டார். நானும் மாமியாரும். "எவ்வளவு நேரம்?" உருவி, அலசி, உலர்த்தி, அரைத்து, பாக்கெட் போட்டு, எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஒரு முழு நாள் வேலை. "நூறு நாள் வேலைக்குப் போனாலே இன்னைக்கு 281 ரூபா சம்பளம். அதை ஏன் எழுதலை?" என்றார். சாக்பீஸை என் கையிலேயே கொடுத்து எழுத வைத்தார். 281ஐ 12ஆல் வகுத்தால் 23 ரூபாய் 40 காசு. ஆக அடக்க விலையே கிட்டத்தட்ட 52. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 12 ரூபாய் நான் என் கையிலிருந்து போட்டுத்தான் விற்றிருக்கிறேன், அதுவும் ஒரு வருடமாக. வகுப்பே அமைதியாகிவிட்டது, ஏனென்றால் அங்கே இருந்த ஒருத்தரும் தன் கூலியைக் கணக்கில் எழுதியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் செய்து, இனிமேல் 40க்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வளையம் எறியும் விளையாட்டும் உண்டு. ஒரு குச்சியை நிறுத்தி வைத்து, எவ்வளவு தூரத்தில் நின்று போடுகிறோம் என்பதை நாமே முடிவு செய்யலாம், தூரம் கூடக்கூட மதிப்பெண் கூடும். நான் ஒட்டி நின்று எல்லா வளையத்தையும் போட்டேன். ஒரு தம்பி சுவர் ஓரம் போய் நின்று ஒன்றுகூடப் போடவில்லை. மேடம் அப்போது சொன்னார், டேவிட் மெக்லிலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறு வியாபாரிகளுக்குக் கொடுத்த பயிற்சியின் வழியில் வந்தவைதான் இந்த மாதிரிப் பயிற்சிகளாம். நடுத்தரமான தூரத்தில் நின்று, விழுந்ததைப் பார்த்து அடுத்த முறை கொஞ்சம் தள்ளியோ நெருங்கியோ நிற்கிறவர்தான் தொழிலில் நிலைப்பார் என்றார். எனக்கு உடனே விளங்கியது. என் தெருவைத் தாண்டி நான் விற்கவே முயன்றதில்லை.

காகித வேலைகளைச் சொல்லிக்கொடுத்த விதமும் நன்றாக இருந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஒரு தரகர் என்னிடம் 2,000 ரூபாய் கேட்டிருந்தார். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு அரசுக் கட்டணம் அப்போது வருடத்துக்கு வெறும் 100 ரூபாய்தான் என்பதே அங்கேதான் தெரிந்தது. உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுக்குக் காசே கிடையாது. மானியம் பற்றி அவர் சொன்னதை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில் அப்போது 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். ஆனால் அந்தப் பணம் நம் கைக்கு வராது, வங்கியிலேயே தனிக் கணக்கில் கிடக்கும், மூன்று வருடம் ஒழுங்காகத் தவணை கட்டினால் கடனில் கழித்துக்கொள்வார்கள். இது தெரியாமல், மானியத்தை நம்பி வெளியில் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கடன் கதை சுலபமாக முடியவில்லை. நான் போன முதல் வங்கிக் கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள், கணவரைக் கூட்டிவரச் சொன்னார்கள், மூன்று முறை அலையவிட்டார்கள். அழுதுகொண்டே மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "குறு, சிறு தொழில்கடன் 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. விண்ணப்பத்தை எழுத்துல கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. முடியாதுன்னா காரணத்தையும் எழுத்துல கேளுங்க" என்றார். அப்படியே செய்தேன். அந்தக் கிளையில் கிடைக்கவில்லை, வேறு வங்கியில் 2023ல் கிடைத்தது. உலர்த்தி, அரவை இயந்திரம், சீல் போடும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 3 லட்சம், அதில் என் பங்கு 30,000.

கடன் கிடைப்பதற்கு முன்பு வந்தது 2022 ஐப்பசி மழை. அப்போது என்னிடம் உலர்த்தி கிடையாது, மாடியில் நிழலில்தான் காயப்போடுவேன். சரியாகக் காயாத கீரையை அரைத்துவிட்டேன். ஒரு கடையிலிருந்து 60 பாக்கெட் திரும்பி வந்தது, பொடி கட்டி தட்டி, பச்சை போய்ப் பழுப்பாகி. பயிற்சி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது, ஆனாலும் மேடம் பஸ் பிடித்து வீட்டுக்கே வந்தார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார், விரலால் நசுக்கினார். இதை நல்ல பொடியோடு கலந்து விற்க மனசு வரும், செய்யாதீங்க, தென்னைக்குப் போட்டுடுங்க என்றார். கடைக்காரருக்கு அறுபதுக்கு அறுபது புதுப் பாக்கெட் கொடுத்தேன். அந்தக் கடைதான் இன்றைக்கு என் பெரிய வாடிக்கை.

குறைகளும் உண்டு. இணையத்தில் விற்பது பற்றி அரை நாள்தான் ஒதுக்கினார்கள், அதுவும் வாட்ஸ்அப்பில் படம் போடுவதோடு சரி. கூரியர் செலவை விலையில் எப்படிச் சேர்ப்பது என்று நானே நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஜிஎஸ்டி வகுப்பை எடுக்க வெளியிலிருந்து வந்தவர் வேகமாகப் பேசிவிட்டுப் போய்விட்டார். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை என்பது கைக்குழந்தைக்காரிக்கு முடியாத காரியம். மேடம் பக்கத்து அறை ஜன்னல் கம்பியில் ஒரு குழந்தைக்குத் தூளி கட்ட விட்டார், ஆனாலும் இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். எனக்குத் தெரிந்து 28 பேரில் 11 பேர் இன்னும் தொழில் செய்கிறோம்.

என் பொடி இப்போது 75 ரூபாய். மாமியாருக்கு மாதாமாதம் கூலி கொடுக்கிறேன், நோட்டில் கையெழுத்து வாங்கித்தான்.

இந்த மாதிரிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகலோடு நீங்கள் செய்கிற பொருளில் கால் கிலோவும் அதற்கு ஆன செலவை எழுதிய தாளும் எடுத்துப் போங்கள். சேரும் முன்பே, பயிற்சி முடிந்த பிறகு யார் போன் எடுப்பார்கள், எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுவிடுங்கள்.