வால்வு கவர் கேஸ்கெட்: கார்க்கா, ரப்பரா?

என் எஞ்சினில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடத்தை, கையால்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மூடும் வால்வு கவரைக் கழற்றி மாட்டுவது ஒவ்வொரு பெரிய சர்வீஸிலும் வந்து நிற்கும் வேலை. பின்மூலையில் ஆயில் கசிந்து, எஞ்சின் புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டிக் கருகும் வாடை வந்தபோது, கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஆயில் கசியாமல் அடைக்கும் கார்க் கேஸ்கெட்டை விட்டுவிட்டு, அச்சில் வார்த்த மோல்டட் ரப்பருக்கு மாறினேன். இனி கார்க் பக்கம் போவதாக இல்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன். கார்க்கே போதும் என்கிற வண்டிகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் போட்ட அன்று இரண்டும் கசியாது. கார்க் விலை குறைவு, பழைய எஞ்சின்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். ரப்பர் கொஞ்சம் கூடுதல். இந்த வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

கார்க்குக்கு உண்மையான பலம் ஒன்று இருக்கிறது. அது மென்மையாக நசுங்கி மேடு பள்ளத்தை நிரப்பிவிடும். பல பழைய எஞ்சின்களின் கவர் வெறும் தகட்டில் அழுத்திச் செய்தது. வருஷக்கணக்கில் போல்டை இறுக்கி இறுக்கி, துளையைச் சுற்றிய இடம் குழிந்து போயிருக்கும். அப்படிப்பட்ட விளிம்பைக்கூட கார்க் ஓரளவு சமாளிக்கும். சிக்கல் அப்புறம்தான் வருகிறது. சூட்டில் கார்க் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை இறுகுகிறது, கேஸ்கெட் தளர்ந்து மெலிகிறது. சில நாள் ஓடியதும் போல்டை மறுபடி இறுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் கார்க் வெடித்து வெளியே பிதுங்கும். அலமாரியில் நாள்பட்டுக் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கி, போல்ட் துளைக்கு நேராக உட்காராது. அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. கார்க்கையும் ரப்பரையும் கலந்து செய்த கேஸ்கெட் இந்த விஷயத்தில் பரவாயில்லை, ஆனால் அதுவும் கடைசியில் இறுகத்தான் செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: கவரை அடுத்த முறை திறக்கும்போது என்ன ஆகிறது?

கார்க் போட்ட கவரைத் திறந்தால் கேஸ்கெட் பாதி கவரிலும் பாதி ஹெட்டிலுமாகப் பிய்ந்து ஒட்டியிருக்கும். பசை தடவிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஹெட் அலுமினியம் என்றால் இரும்புச் சுரண்டி கீறல் போட்டுவிடும், கீறல் வழியே மறுபடி கசியும். அதனால் பிளாஸ்டிக் பட்டையால் பொறுமையாக எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, சுரண்டும்போது உதிரும் துணுக்குகள். ஹெட்டில் ஆயில் கீழே இறங்கும் துளைகள் திறந்தே இருக்கின்றன. அதில் விழுந்த கார்க் துணுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் வரை போய், ஆயில் பம்பின் சல்லடையில் உட்காரலாம். நூல் பிரியாத துணியால் துளைகளை அடைத்துக்கொண்டு செய்தாலும், மனம் நிம்மதியாக இருப்பதில்லை. டேப்பெட் பார்க்கும் வேலை சிறியது. அதற்கு முன்னும் பின்னும் கார்க் நம்மிடம் வாங்கும் வேலைதான் பெரியது.

ரப்பரில் இந்தத் தொல்லை கிடையாது. போல்டைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் கவரின் ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் கேஸ்கெட் முழுசாகக் கையோடு வரும். நன்றாக இருந்தால் துடைத்துவிட்டு அதையே மறுபடி போடலாம். நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, சீல் செய்யும் ஓரத்தை விரலால் தடவுங்கள். புதுசில் அங்கே வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். அந்த வரப்பு தட்டையாகி, பளபளவென்று அது பதிந்திருக்கும் காடியின் மட்டத்துக்கு இறங்கியிருந்தாலோ, வளைக்கும்போது விறைத்தாலோ, அதன் ஆயுள் முடிந்தது. நசுங்கிய ரப்பர் பழைய உயரத்துக்குத் திரும்பாமல் போவதுதான் அது கெட்டுப்போகும் விதம். போல்டை எவ்வளவு இறுக்கினாலும் அதற்குப் பிறகு கசிவு நிற்காது.

ரப்பர் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. நைட்ரைல் ஆயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் தொடர்ந்து 100 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் சீக்கிரம் விறைக்கும். அக்ரிலிக் ரப்பர் சூட்டில் அதைவிடக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். சிலிக்கான் 200 டிகிரி வரை தாங்கும், நெகிழ்வும் போகாது. ஆனால் எளிதில் கிழியும் என்பதால் கழற்றும்போது இழுக்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உறையில் எந்தப் பொருள் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். உள்ளே இரும்புத் தகடும், போல்ட் துளைகளில் சிறு உலோக வளையமும் வைத்த வகை உங்கள் எஞ்சினுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அந்த வளையம் கவரில் முட்டியதும் ரப்பர் அதற்கு மேல் நசுங்காது.

கேஸ்கெட்டே இல்லாமல் சிலிக்கான் பேஸ்ட் மட்டும் போடும் எஞ்சின்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே மேனுவல் சொல்கிறபடி செய்வதே சரி. ஆனால் ரப்பர் கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில், கூடுதல் பாதுகாப்புக்கு என்று சுற்றிலும் பேஸ்ட் தடவாதீர்கள். ஈரமான பேஸ்டின் மேல் ரப்பர் வழுக்கி, இறுக்கும்போது உள்பக்கமோ வெளிப்பக்கமோ நகர்ந்துவிடும். பேஸ்ட் தேவைப்படுவது மூலைகளில் மட்டும்: டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் கோடு, கேம்ஷாஃப்டின் நுனியில் வரும் அரைவட்டம். அங்கே ஒரு சிறு பொட்டு போதும்.

மாட்டும்போது ரப்பரும் இரண்டு பரப்புகளும் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். தகட்டுக் கவர் என்றால் குழிந்த துளைகளைச் சமமான இரும்பின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்துங்கள். ரப்பர் கார்க் அளவுக்கு விட்டுக்கொடுக்காது, இந்த ஒரு விஷயத்தில் அது கறாரானது. ஸ்பார்க் பிளக் குழியைச் சுற்றிய சீல்களையும் போல்ட் அடியிலுள்ள ரப்பர் வாஷர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கவரை நேராக இறக்கி, எல்லா போல்டையும் முதலில் விரலால் திருகி, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்டுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இருக்கும். கார்க்குக்கு அதைவிடக் குறைவு. உங்கள் மேனுவல் சொல்லும் எண்தான் கணக்கு.

டேப்பெட் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் வைத்த எஞ்சினில் கவரைத் திறக்கவே பல வருஷம் ஆகும். அதோடு கவரும் பழைய தகடு, நிமிர்த்த வழியில்லை என்றால் கார்க் போடுவதில் தப்பில்லை. எதைப் போட்டாலும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிசிவி வால்வை முதலில் பாருங்கள். அது அடைத்திருந்தால் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, நேற்று மாட்டிய கேஸ்கெட்டையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். பல வண்டிகளில் அதைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும். வரவில்லை என்றால் கேஸ்கெட்டோடு அதையும் மாற்றிவிடுங்கள்.