காயலோர முகாம் வேலைக்குப் போகும் எலக்ட்ரீசியன்கள் கவனத்துக்கு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டிய காயலோரத்தில், ஆய்வுக் குழுவினர் தங்குவதற்காகப் போடப்பட்ட தற்காலிக முகாம் ஒன்றில் சோலார், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலைக்குச் சென்று, 45 நாள் உழைத்துவிட்டு, பேசிய கூலியில் 30,000 ரூபாயை இழந்து திரும்பியிருக்கிறேன். அதே ஒப்பந்ததாரர் இப்போது திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் அடுத்த ஆளைத் தேடுவதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

நாளொன்றுக்கு 1,200 ரூபாய், சாப்பாடு, வாரம் ஒருமுறை ஊருக்கு வரப் படகு என்பது பேச்சு. முன்பணமாக 5,000 ரூபாய் ஜிபேயில் வந்தது. காகிதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு, வாரக்கணக்கில் இருண்டு கிடந்த ஊர்களில் ஜெனரேட்டர் ஓட்டிய பழக்கம் எனக்கு இருந்ததால், கொசுவும் சிக்னல் இல்லாமையும் பெரிதாகத் தோன்றவில்லை. (சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: ரசத்தில் புளிக்கு முன்னால் உவர்ப்புதான் நாக்கில் பட்டது.)

12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் ட்யூபுலர் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட் இன்வெர்ட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். நாள் முழுவதும் நல்ல வெயில் அடித்து சார்ஜ் ஏறிய பிறகும், பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும், 1.24க்குக் குறையாமல் நிற்க வேண்டிய ஹைட்ரோமீட்டர் மிதவை, இரண்டு பேட்டரிகளில் 1.15ஐத் தாண்டவில்லை; மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது தகடுகளில் வெள்ளை பூத்திருந்தது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைத்த பேட்டரிக்கு இந்தக் கதி நேரும் என்பதும், தொடர் இணைப்பில் சோடையான ஒன்றே மற்ற மூன்றையும் இழுத்துக் கவிழ்த்துவிடும் என்பதும் தொழில் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. மறுநாள் படகேறிக் கரைக்கு வந்து ஒப்பந்ததாரரிடம் போனில் சொன்னேன். "ஓட்டிக்கிட்டு இருங்க தம்பி, அடுத்த படகுல புதுசு அனுப்பிடுறேன்" என்றார். புதிய பேட்டரி வரவில்லை. நான் கேட்ட டிஸ்டில்டு வாட்டர்கூட வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கே இன்வெர்ட்டர் அலறத் தொடங்கிவிடும், விடியும்வரை ஜெனரேட்டர்தான்.

கணக்கு முடிக்கும் நாளில், வரவேண்டிய 49,000 ரூபாயில் 19,000ஐ மட்டும் எண்ணி வைத்தார். "ரெண்டு பேட்டரி உங்க கையிலதானே போச்சு தம்பி?" என்றார். "வந்த அன்னைக்கே போயிருந்துச்சுன்னு சொன்னேனே அண்ணே" என்றதற்குப் பதில் இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள், முன்பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தவிர என்னிடம் காட்ட ஒன்றுமில்லை.

இந்த வேலைக்கு யாரேனும் போவதாக இருந்தால், பொறுப்பேற்கும் அன்றே ஒவ்வொரு பேட்டரியின் வரிசை எண்ணையும் வோல்ட்டேஜையும் ஹைட்ரோமீட்டர் அளவையும் தாளில் எழுதி, படமும் எடுத்துக்கொண்டு, வந்த படகிலேயே அந்தத் தாளைக் கொடுத்தனுப்பி ஒப்பந்ததாரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்து வரவில்லை என்றால் அடுத்த படகில் நீங்கள் ஊர் திரும்பிவிடுங்கள்.