பரோலோவா, பார்பரெஸ்கோவா?

நெபியோலோ திராட்சையில் செய்த ஒயினைக் கோப்பையில் ஊற்றியதும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பால் விடாத தேநீர்போல வெளிறிய சிவப்பு. சில வருடம் ஆனதென்றால் விளிம்பில் செங்கல் நிறம். இதற்கா இந்த விலை என்று நினைத்தபடி ஒரு வாய் குடித்தால், கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல ஈறு இழுத்துக்கொள்ளும். துவர்ப்பு பிடிக்காதவர்கள் நெபியோலோவில் செய்யும் பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு ஒயினையும் விட்டுவிடலாம். பிடித்தவர்களுக்கு ரோஜாவும் தாரும் கலந்த அந்த வாசனை மறக்காது.

இத்தாலியின் வடமேற்கில், பியட்மாண்டில் ஆல்பா என்றொரு ஊர் இருக்கிறது. நுட்டெல்லா செய்யும் ஃபெரேரோவின் ஊரும் இதுதான். ஆல்பாவுக்குத் தென்மேற்கே பரோலோ, வடகிழக்கே பார்பரெஸ்கோ; ஊர்ப் பெயர்தான் ஒயினுக்கும். இரண்டிலும் நெபியோலோ தவிர வேறு திராட்சை சேரக்கூடாது என்பது சட்டம். ஒரே பழம், பக்கத்துப் பக்கத்துக் குன்றுகள். அப்புறம் என்ன வித்தியாசம்?

பார்பரெஸ்கோ தனாரோ ஆற்றை ஒட்டிய, சற்றுத் தாழ்ந்த, கொஞ்சம் வெதுவெதுப்பான நிலம். பழம் சில நாள் முந்திப் பழுக்கும், துவர்ப்பும் சீக்கிரம் அடங்கும். சட்டமும் அதற்கேற்றபடிதான். பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதக் காத்திருப்பு, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9 மாதம் போதும். இதை வைத்து பரோலோவை ராஜா என்றும் பார்பரெஸ்கோவை ராணி என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரோலோவுக்குள்ளேயே லா மோர்ரா பக்கத்து ஒயின் மென்மையானது, செர்ரலுங்கா பக்கத்தது முரடு. பார்பரெஸ்கோவில் மோந்தெஸ்தெஃபானோ சரிவில் விளைந்ததை லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுத்தால், பரோலோ என்று நினைப்பவர்களே அதிகம் இருப்பார்கள்.

என்னைக் கேட்டால், ஊர்ப் பெயரை விட முக்கியம் பீப்பாய். பழைய முறையில் நசுக்கிய திராட்சையை ஒரு மாதமோ அதற்கும் மேலோ தோலோடு ஊறவைத்து, ஆள் உயரத்துக்கும் மேலான, குரோஷியாவின் ஸ்லவோனிய ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் விடுவார்கள். பல முறை பயன்பட்ட மரம் என்பதால் அதன் வாசனை ஒயினில் ஏறாது. 1980களில் இளைஞர்கள் சிலர் ஊறும் நாளைக் குறைத்து, 225 லிட்டர் பிடிக்கும் புது பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு மாறினார்கள். அதன் பெயர் பாரிக். நிறம் கூடியது, வெனிலா வாசனை வந்தது, சீக்கிரம் குடிக்க முடிந்தது. அவர்களில் ஒருவரான எலியோ அல்தாரே 1983இல் அப்பாவின் பழைய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதிவிட்டார்! எதிர்ப்பக்கத்தில் பழைய முறையை விடாத பரோலோ தயாரிப்பாளர் பார்தோலோ மஸ்கரெல்லோ, தன் கையால் வரைந்த லேபிளில் ‘பாரிக்கும் வேண்டாம், (அரசியல்வாதி) பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினார். இப்போது அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது, பலர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். ஆனாலும் பெரிய பீப்பாயில் வளர்ந்த பார்பரெஸ்கோவும் பரோலோவும், பெரிய பீப்பாய்ப் பரோலோவையும் பாரிக் பரோலோவையும் விட ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. நான் பழைய பீப்பாய்க் கட்சி. வெனிலாவுக்கு ஐஸ்கிரீம் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? வீட்டில் குளிர்ந்த, இருட்டான இடமும் பத்து வருடப் பொறுமையும் இருந்தால் செர்ரலுங்கா பரோலோ. நல்ல வருடம் வேண்டுமென்றால் 2016. இந்த வருடமோ அடுத்த வருடமோ திறக்கப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் பார்பரெஸ்கோ. அதிலும் அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பாட்டில். 1958இல் ஊர்ப் பாதிரியார் 19 விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் அது. நல்ல வருடங்களில் ஒன்பது சரிவுகளின் ஒயினைத் தனித்தனி பாட்டிலில் விடுவார்கள். சுமாரான வருடத்தில் அந்த ஒன்பதையும் சாதாரண பார்பரெஸ்கோவிலேயே கலந்துவிடுவார்கள். அதனால் மழையில் நனைந்த வருடத்துப் பாட்டிலைப் பார்த்து நான் ஒதுங்குவதில்லை.

இரண்டுமே கைக்கு எட்டவில்லையா? ‘லாங்கே நெபியோலோ’ என்று போட்ட பாட்டிலைத் தேடுங்கள்; அதே திராட்சையில், அதே வட்டாரத்தில் செய்யும் விலை குறைந்த ஒயின் அது. எதை வாங்கினாலும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்றால் சாயங்காலமே காற்றுப் படும்படி வாயகன்ற குடுவையில் ஊற்றி வைத்துவிடுங்கள்.