ரெண்டு கொடுத்து நாலு வாங்கும் கடை: எங்கள் பக்கத்து விதை வங்கி எப்படி?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயிகளே சேர்ந்து நடத்தும் ஒரு விதை வங்கியில் மூன்று வருஷமாக நெல் விதை வாங்குகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்கவும் வேண்டியிருக்கிறது.

வாசலில் பலகை கிடையாது. ஓட்டு வீட்டுத் திண்ணையை அடைத்த அறை, மரப்பலகை மேல் மூடி போட்ட டிரம்கள், பழைய கணக்கு நோட்டுகள் அடைந்து கிடக்கும் ஒரு பத்தாயம் (நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி). உத்தரத்தில், அந்தக் காலத்தில் விதை நெல்லைக் கட்டி வைத்த மாதிரி வைக்கோல் பிரி சுற்றிய ஒரு விதைக்கோட்டை தொங்குகிறது. அது வந்தவர்கள் போட்டோ எடுக்க. நடைமுறை எங்கள் பக்கம் எல்லோருக்கும் பழகியதுதான். ஆதிரெங்கத்தில் 2006-இல் நெல் திருவிழா தொடங்கிய நெல் ஜெயராமன், 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டாரே, அதேதான். ஒற்றை நாற்று நடவுக்கு 2 கிலோ ஒரு ஏக்கருக்குக் காணும்.

முதல் வருஷம் மாப்பிள்ளைச் சம்பா வாங்கினேன். ஆவணி முதல் வாரம் நாற்று விட்டது. கார்த்திகை பிறந்ததுமே வயலில் அங்கங்கே கதிர் தள்ளிவிட்டது. 160 நாள் பயிருக்கு இது என்ன அவசரம் என்று இறங்கிப் பார்த்தால், இடுப்புயரக் குட்டைப் பயிர். கலவன்! வேறு ரக நெல் விதையில் கலந்திருக்கிறது. நாலு ஆள் விட்டுப் பிடுங்கியும் முழுக்கத் தீரவில்லை.

கோபத்தோடு போனேன். அங்கே விதையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நோட்டைப் புரட்டி, அந்த விதை யார் வயலிலிருந்து வந்தது என்று பார்த்தார். "மெஷின் விட்டு அறுத்திருக்காங்க தம்பி" என்றார். அறுவடை மெஷின் முந்தின வயல் நெல்லை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வயலுக்குள் இறங்கும். சாப்பாட்டு நெல்லுக்கு அதனால் ஒன்றுமில்லை, விதைக்கு அது விஷம். என் 4 கிலோவை விதையாக வாங்க மறுத்துவிட்டார், "அரிசியாக்கித் தின்னுங்க" என்று. அந்த வருஷத்திலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது: பூக்கும் சமயத்தில் ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை வங்கி ஆள் வயலுக்கு வருவார், விதைக்கு விடும் பகுதியைக் கையால்தான் அறுக்க வேண்டும். இந்த வங்கி நிற்பது இந்த ரெண்டு நடையில்தான் என்பேன். ஆனால் நடப்பவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கூடவே போய்க் கற்றுக்கொள்ள இளவட்டம் ஒன்றும் இல்லை.

முளைப்பு? முதல் வருஷ விதையில் ஈரச் சாக்கில் 100 எண்ணிச் சுருட்டி வைத்ததில் 74 முளைத்தது. சான்று விதைக்கு அரசாங்கம் கேட்பது 80. அப்போது சாக்கு மூட்டையில் வைத்திருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்கு காற்றின் ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். விதையில் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்று விதைக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். இப்போது 12 சதவீதத்துக்குக் காயவைத்து டிரம்மில் அடைக்கிறார்கள், பூச்சி அண்டாமல் இருக்க மேலே நொச்சித் தழை. போன வருஷம் வாங்கிய தூயமல்லி ரகத்தில் 100-க்கு 92 முளைத்தது.

அடுத்தது காசு. ரெண்டு நாலாகும் கணக்கைக் காகிதத்தில் போட்டால் 2 கிலோ பத்து வருஷத்தில் 2 டன்னைத் தாண்டும். நிஜத்தில் நோட்டு நிறையச் சிவப்பு மையில் சுழித்த பெயர்கள். வாங்கிப் போனவர்கள் திரும்பவில்லை. திரும்பி வருவதும் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா என்று விலை போகிற ரகம்தான். மிஞ்சியதை அரைத்து அரிசியாகவும் அவலாகவும் விற்கிறார்கள். களத்துக் கூலி, யாரும் கேட்காத ரகங்களை வருஷம் தவறாமல் பாத்தியில் போட்டு எடுக்கும் செலவு, எல்லாம் அதிலிருந்துதான். நெல் விதை டிரம்மில் என்றென்றும் உயிரோடு இருக்காதே, போட்டுப் போட்டு எடுத்தால்தான் உண்டு. அதனால் அரிசி விற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போன ஆடியில் மூன்று முறை போன் அடித்தும் எடுக்க ஆளில்லை, எல்லோரும் அரிசி பொட்டலம் கட்டப் போய்விட்டார்கள். உவர் நிலத்துக்கென்று கேட்ட குழியடிச்சான் ரகமும் தீர்ந்திருந்தது. விதை வங்கியில் விதைக்கு ஆளில்லை என்றால் எப்படி?

இந்த வருஷம் ஒரு புது நிபந்தனை. விலை போகும் ரகம் கேட்டால், கூடவே யாரும் எடுக்காத ஒரு ரகம் கால் கிலோ கையில் திணிக்கிறார்கள். ஒரு மூலையில் போட்டு, அதையும் திருப்ப வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. எனக்கு விழுந்தது காட்டுயானம், 180 நாள், ஆள் உயரம். வரப்பைத் தாண்டி வளர்ந்து என் தூயமல்லி மேல் சாய்ந்துவிடுமோ என்று கடைசி மூலையில் ஐந்து குழி நிலம் ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில், "இது யாருக்கு?" என்று கேட்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் ஒன்றரை அந்த அக்காவுக்கு. போகிறவர்கள் வைகாசியிலேயே போங்கள், ஆடியில் நல்ல ரகம் மிஞ்சாது. துணிப்பை கொண்டு போங்கள். விதையை வாங்கியதும் 100 எண்ணி முளைக்கப் போட்டுப் பாருங்கள். குறைந்தால் மாற்றித் தருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை.