டெல்டாக் கடலோர அறுவை அரங்கிற்கு எந்தப் படக்கருவி பொருந்தும்?

வேதாரண்யத்தில் தொடை எலும்பு முறிந்த ஒருவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்க ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். நாகப்பட்டினத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆயினும் பெருமழையில் சாலை துண்டிக்கப்படும் நாட்களில், காயம்பட்டவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் அரங்கிலேயே அறுவை நடந்தாக வேண்டும். அத்தகைய அரங்கிற்கு, அறுவையின்போது எலும்பைத் திரையில் காட்டும் படக்கருவி வாங்குவோர், படம் எவ்வளவு தெளிவு என்று பார்ப்பதற்கு முன், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் காற்றையும் மின்சாரத்தையும் அது தாங்குமா என்று கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது, இமேஜ் இன்டென்சிஃபயர் என்னும் படப் பெருக்கிக் குழாய் பொருத்திய சி-ஆர்ம், அதாவது சி எழுத்துபோல வளைந்த கையுடைய எக்ஸ் கதிர்க் கருவி. உடலைக் கடந்து வரும் எக்ஸ் கதிரை சீசியம் அயோடைடு படலம் ஒளியாக்க, அவ்வொளி எலக்ட்ரான்களை வெளியேற்ற, அவை வெற்றிடக் குழாய்க்குள் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் முடுக்கப்பட்டுச் சிறிய திரையில் மோதிப் படமாகின்றன. விலை குறைவு, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம். ஆனால் குழாய் வயதாக ஆக மங்கும். அம்மங்கலை ஈடுசெய்யக் கருவி தானாகவே கதிரின் அளவைக் கூட்டிக்கொள்வதால், திரையில் குறை தெரியாது. நோயாளியும், ஈயக் கவசம் அணிந்து அருகில் நிற்கும் பணியாளர்களும் கூடுதல் கதிரைப் பெறுவார்கள். இதை நான் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

பிளாட் பேனல் சி-ஆர்மில் வெற்றிடக் குழாய் கிடையாது; தட்டையான மின்னணுப் பலகையே கதிரை வாங்கிப் படமாக்குகிறது. படத்தின் ஓரங்கள் வளைவதில்லை. ஆகவே நீண்ட எலும்பின் நேர்க்கோட்டை நம்பிப் பார்க்கலாம். விலை அதிகம் என்பதுடன், பேனல் கெட்டால் பெரும்பாலும் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது சிறிய மருத்துவமனைக்குப் பெருஞ்சுமை.

இரண்டுக்கும் பொதுப் பகை ஈரம். வேதாரண்யத்து உப்பளக் காற்று படும் இடத்தில், சி-ஆர்மையும் திரை வண்டியையும் இணைக்கும் தடித்த கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தால் செப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அக்கேபிள் கழுவிய தரையில் இழுபடுவதும் அதற்கு ஒரு காரணம். மின்சாரம் நின்று ஏசி அணைந்ததும், வெளியிலிருந்து புகும் ஈரக்காற்று குளிர்ந்திருக்கும் கருவியின் மீது பனித்துளியாகப் படியும். அந்நிலையில் உயர் மின்னழுத்தப் பகுதியை உடனே இயக்கினால் மின்கசிவுக்கு வழி உண்டு. ஏசியை ஓடவிட்டு, கருவி உலர்ந்த பிறகே இயக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் ஜெனரேட்டரின் ஏறி இறங்கும் மின்சாரத்தை நேரே சி-ஆர்முக்குக் கொடுப்பது ஆபத்து. இடையில், மின்சாரத்தை எந்நேரமும் சீராக்கித் தரும் ஆன்லைன் யுபிஎஸ் வேண்டும். கதிர் பாயும் நொடியில் மின்னோட்டம் சட்டென உயர்வதால், அந்த உச்ச அளவைக் கணக்கிட்டே அதன் திறனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது வழியில் அறுவையின்போது படமே தேவையில்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் லூயிஸ் ஜிர்க்கிள் 1999இல் தொடங்கிய சைன் (SIGN) அமைப்பின் நெயில், அதாவது முறிந்த எலும்புக்குள் செலுத்தும், மக்கள் ராடு என்று சொல்லும் கம்பி, உள்ளீடற்றதாக இல்லாமல் கெட்டியான எஃகால் ஆனது. எலும்புக்குள் செல்லும்போது அது அதிகம் வளையாது என்பதால், வெளியே பூட்டியிருக்கும் வழிகாட்டிக் கை, ஸ்க்ரூ போக வேண்டிய துளையின் இடத்தைச் சரியாகச் சுட்டும். மருத்துவர் மெல்லிய கருவியை உள்ளே செலுத்தி, நெயிலின் துளையைக் கையுணர்வால் உறுதி செய்துகொண்டு ஸ்க்ரூவை முடுக்குகிறார். மின்வெட்டு இதை நிறுத்தாது. ஆனால் முறிந்த இடத்தைப் பெரும்பாலும் திறந்தே சேர்க்க வேண்டியிருப்பதால் தொற்றைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை தேவை. மேலும், இடுப்பு மூட்டை ஒட்டிய சிக்கலான முறிவுகளுக்கு இது சி-ஆர்முக்கு ஈடாகாது.

கையடக்க அல்ட்ராசவுண்ட் பேட்டரியில் இயங்கும், கதிரில்லாதது; நரம்பைக் கண்டு மரத்துப்போகச் செய்யும் ஊசி போட மயக்க மருத்துவருக்கு நல்ல துணை. ஆனால் ஒலி எலும்பை ஊடுருவாது. ஆகவே நெயில் பொருத்துவதில் சி-ஆர்முக்கு மாற்றாகாது. கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி பதிவு செய்யாமல் அதை ஊர் ஊராகக் கொண்டு செல்லவும் முடியாது.

என் தேர்வு இதுதான்: திருச்சியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ ஒரே நாளில் பொறியாளர் வந்து சேர்வார் என்றால் பிளாட் பேனல், அந்த உறுதி இல்லையென்றால், கதிரளவை ஆண்டுதோறும் சோதிக்கும் நிபந்தனையுடன் இன்டென்சிஃபயர். எதை வாங்கினாலும் சைன் பெட்டி ஒன்று அரங்கில் இருக்க வேண்டும், மழையில்லா மாதங்களிலும் மருத்துவர்கள் அதைக் கையாண்டு பழக வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில், கேபிள் முனைகளையும் யுபிஎஸ் பேட்டரிகளையும் புரட்டாசி முடிவதற்குள் சோதித்துத் தர வேண்டும் என்ற வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.