நுரை ஒட்டிவிட்டு 'சவுண்ட் புரூஃப்' என்று காசு வாங்குகிறார்: பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருப்பவர்கள் கவனம்

பெஸ்தாரி ஜெயா (நமக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்), இஜோக், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர் வரைக்கும் ஒரு ஆள் 'ஹோம் ஸ்டூடியோ பேக்கேஜ்' என்று சொல்லிக்கொண்டு சுற்றுகிறார். பேர் போட மாட்டேன், கேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் குறி வைப்பது உறுமி மேளப் பசங்களையும், அடுத்த தைப்பூசத்துக்குள் சொந்தமாக ஒரு பக்திப் பாட்டு பதிவு செய்துவிட வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறவர்களையும்தான். எந்தக் கோயில் திருவிழாவில் எந்தக் குழு வாசித்தது, யார் வீட்டில் பின்னறை காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். என்னிடம் வாங்கியது 9,800 வெள்ளி (ரிங்கிட்). பாதி முன்பணம், மீதி வேலை முடிந்த அன்றைக்கே.

எங்கள் வீடு ஒரு மாடி வரிசை வீடு, தகரக் கூரை. பின்னறை பத்தடிக்குப் பத்தடி. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கா ரவாங் பக்கம் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் போகிறவர், பகலில்தான் தூங்குவார். முன் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் எங்கள் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில் தொடங்கியதுதான், அதனால் லோரிச் சத்தம் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து. அந்த ஆளிடம் இரண்டே விஷயம்தான் கேட்டேன். அண்ணே, நாங்கள் வாசிப்பதால் அக்கா தூக்கம் கெடக்கூடாது, லோரிச் சத்தம் மைக்கில் விழக்கூடாது, இரண்டும் முடியுமா? "தம்பி, நூற்றுக்கு தொண்ணூத்தஞ்சு சத்தம் நின்னுடும், எழுதியே தர்றேன்" என்றார். எழுதியும் தந்தார். அது ஒன்றுதான் இப்போது எனக்குக் கை கொடுக்கிறது.

அந்தத் தொண்ணூற்று ஐந்து எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இவர் மட்டும் இல்லை, இன்டர்நெட்டில் சுவரில் ஒட்டுகிற இந்த நுரை (ஸ்பாஞ்ச்) விற்கிற பாதிப் பேர் இதையேதான் செய்கிறார்கள். ஒரு ஆய்வுக்கூட அறிக்கையைக் காட்டினார், அதில் என்ஆர்சி 0.95 என்று இருந்தது. அறிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் என்ஆர்சி என்பது, அறைக்குள் இருக்கிற சத்தம் அந்தப் பொருளின் மேல் பட்டால் எவ்வளவு திரும்பி எதிரொலிக்காமல் உள்ளே உறிஞ்சப்படுகிறது என்பதன் அளவு. சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதற்கு எஸ்டிசி என்று வேறு அளவு இருக்கிறது. திறந்த ஜன்னல்கூட சத்தத்தை முழுக்க 'உறிஞ்சும்', ஏனென்றால் போன சத்தம் திரும்பி வராது. அதற்காக ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு சவுண்ட் புரூஃப் என்று சொல்வோமா? அதோடு என்ஆர்சி என்பது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த அளவின் சராசரி மட்டும்தான். 250க்குக் கீழே, அதாவது அடி ஒலியில், என்ன நடக்கிறது என்பது கணக்கிலேயே வராது. உறுமியும் தவிலும் லோரியும் குடியிருப்பது அங்கேதான்.

இன்னொன்றும் அந்த அறிக்கையிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. சோதித்துப் பார்த்தது மூன்று அங்குல நுரை. எங்கள் சுவரில் ஒட்டியது ஒரு அங்குலம்.

வேலை முடிந்த அன்று ஒரு வித்தை காட்டினார் பாருங்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தன் கைப்பேசியில் ஒரு பாட்டைச் சத்தமாகப் போட்டு அறைக்குள் வைத்தார், கதவைச் சாத்தினார், எங்கள் எல்லாரையும் ஹாலில் நிற்க வைத்தார், இன்னொரு போனில் டெசிபல் ஆப் திறந்து முள் இறங்குவதைக் காட்டினார். அப்பா தலையாட்டினார், மீதிக் காசும் கைமாறியது. கைப்பேசி ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி அனேகமாக வரவே வராது, கீச்சென்ற மேல் ஒலிதான். அந்த மேல் ஒலியைச் சாதாரணக் கதவும் கொஞ்சம் நுரையும் சுலபமாக அடக்கிவிடும். ஆக, எது நிற்குமோ அதை மட்டும் போட்டுக் காட்டியிருக்கிறார். உங்களிடம் இதே மாதிரி யாராவது செய்தால் போனை எடுத்துவிட்டு, கோயிலில் வாசிக்கிற அதே மேளத்தை அதே வேகத்தில் உள்ளே அடிக்கச் சொல்லி, பக்கத்து வீட்டில் போய் நின்று கேளுங்கள். அதுவரைக்கும் மீதிக் காசு பையிலேயே இருக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவோடு முதல் ஒத்திகை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கேட் பக்கம் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை, பாவம். "தம்பி, ரெண்டாவது சரணத்துல மூணாவது வரிய அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் தப்பா எடுக்குறீங்க, மொதல் வாட்டி பாடினதுதான் சரி" என்றார். 9,800 வெள்ளிக்கு அப்புறம், சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்துக்கொண்டே எந்த வரி பிசகுகிறது என்று சொல்கிற அளவுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

பதிவும் கெட்டுப்போயிருந்தது. குரல் மெத்தைக் கடைக்குள் நின்று பாடுவது போல அமுங்கிக்கிடந்தது, அடி ஒலி மட்டும் கொழகொழவென்று பெருத்து ஒரே சுரத்தில் முழங்கியது. காரணம் எளிது. 100 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர், அதன் கால் பங்கே 85 சென்டிமீட்டர். ஒரு அங்குல நுரைக்கு அந்த அலை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மேல் ஒலியை மட்டும் விழுங்கிவிட்டு அடி ஒலியை அப்படியே அலையவிடும். போதாததற்கு எங்கள் அறை சதுரம், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கி நிற்கும், நீளத்திலும் அகலத்திலும் அதே இடத்தில். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூலைகளில் தடிமனாக ஏதாவது வைக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய ஸ்டூடியோவுக்குத் தம்பி" என்றார்.

அப்புறம்தான் பிரித்துப் பார்த்தோம். நடுச்சுவரில் 'டபுள் வால்' கட்டித் தருவதாகவும் உள்ளே ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) அடைப்பதாகவும் குவொட்டேஷனில் இருந்தது. ஒரு ஓரத்தில் நுரையை உரித்தால் மெல்லிய பிளைவுட், அதைத் திருகாணியைக் கழற்றி இழுத்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பாலிஸ்டைரின் துண்டுகள். ஒரு துண்டில் நீல மையில் பாதி அழிந்த சீன எழுத்து, மூக்கருகே கொண்டுபோனால் மீன் வாடை. பாசாரில் மீன் வைக்கிற பெட்டியை உடைத்துத் திணித்திருக்கிறார்கள். அடைக்காமல் விட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, அதுதான் கொடுமை.

அடுத்து மச்சான் ஏணி போட்டு சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்தான். நடுச்சுவர் சீலிங் உயரத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் வெளி, புறா எச்சம், பழைய ஒயர், அந்தப் பக்கம் அக்கா வீட்டு சமையலறை விளக்கு வெளிச்சம் சீலிங் இடுக்கு வழியாக வருகிறது. சத்தத்துக்கு இதைவிட நல்ல ரோடு எங்கே கிடைக்கும்? சுவரில் தங்கத்தகடே அடித்திருந்தாலும் சத்தம் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். அந்த ஆள் அளவெடுக்க வந்தபோது ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

சத்தத்தை நிறுத்துவது கனம். சுவரின் கனம் இரண்டு மடங்கானால் ஏட்டுக் கணக்குப்படி ஆறு டெசிபல் குறையும். இருபக்கமும் பூசிய ஒற்றைச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் வரும், ஒரு அங்குல நுரை அரைக் கிலோ சொச்சம். 200 கிலோவால் நிறுத்த முடியாததை அரைக் கிலோ வந்து நிறுத்துமா? சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் அப்படித்தான், யார் என்ன சொன்னாலும். கனத்துக்கு அடுத்தது ஓட்டை. கதவடி இடுக்கு, சுவரில் முதுகோடு முதுகாக இருக்கிற பிளக் பெட்டி, ஏர்கோன் குழாய் போகிற துளை, இவற்றை விட்டுவிட்டு வேறு எதற்குச் செலவு செய்தாலும் வீண். எங்கள் கதவு உள்ளே வெற்றான மலிவுக் கதவு, அதன் மேலும் நுரைதான் ஒட்டியிருந்தார், கீழே சுண்டுவிரல் போகிற இடைவெளியோடு.

இனி சொல்லப்போவது காசைவிடப் பெரிய விஷயம். உரித்த நுரையில் ஒரு துண்டைப் பின்னால் கால்வாய் ஓரம், வீட்டை விட்டுத் தள்ளி வைத்து லைட்டரைக் காட்டினேன். நெருப்பு தடுக்கும் நுரை என்று குவொட்டேஷனில் எழுதியிருந்தது. பிடித்த வேகத்தில் கை எடுப்பதற்குள் முழுத்துண்டும் எரிந்து, கறுப்புப் புகையோடு சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது, சொட்டும் எரிந்துகொண்டே விழுந்தது. 2003இல் அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் ஒரு இசை விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி இந்த மாதிரிப் பாலியூரித்தேன் நுரையில் பட்டு 100 பேர் செத்தார்கள். 2013இல் பிரேசில் சான்டா மரியாவில் 242 பேர். எரியும்போது வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடோடு சயனைடு வாயுவும் உண்டு. நம் ஆட்களில் சூடம் ஏற்றாமல் பதிவு தொடங்குகிற குழு எது? அடைத்த அறை, ஒரே கதவு, நாலு சுவரிலும் இந்த நுரை. அன்றைக்கே முழுவதையும் உரித்துவிட்டோம். பசையோடு சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது, குளியலறைப் பக்கச் சுவரில் நுரைக்குப் பின்னால் அதற்குள் கறுப்புப் பூஞ்சை வேறு. ஜன்னலையும் நிரந்தரமாக அடைத்து வைத்திருந்தார். ஸ்பிளிட் ஏர்கோன் உள்ளே இருக்கிற காற்றைத்தான் குளிராக்கிச் சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. நாலு பேர் உட்கார்ந்து பாடினால் கொஞ்ச நேரத்தில் தலைவலி வந்ததற்குக் காரணம் அதுதான்.

பேக்கேஜில் கொடுத்த மைக்கும் போலி. ஷூர் எஸ்எம்58 என்று பெட்டியில் போட்டிருந்தது. அசல் 298 கிராம், இதைச் சமையலறைத் தராசில் வைத்தால் அந்தப் பக்கமே வரவில்லை. எடை சரியாக இருக்கிற போலிகளும் சந்தையில் உண்டு, அதனால் எடையை மட்டும் நம்ப வேண்டாம், அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள்.

போன் செய்தால், "நீங்க உறுமி வாசிப்பீங்கன்னு சொல்லவே இல்லையே" என்றார். உறுமிக் குழு என்று தெரிந்துதானே அண்ணே வந்தீர்கள் என்றேன். அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார். குவொட்டேஷனில் இருந்த பதிவு எண்ணை எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) தேடினால் அது துப்புரவு வேலைக்குப் பதிந்து காலாவதியான பெயர். காசு போனதோ வேறொருவர் பேரில் இருக்கிற வங்கிக் கணக்குக்கு. போலீசின் செமாக் மூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டினால் அதன் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம்.

நான் போயிருப்பது பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம் (2019 திருத்தத்துக்கு முன் 25,000தான்), மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, நமக்கு அது நல்லதுதான். ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டம் பாதுகாப்பது சொந்த உபயோகத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவரை. எதிர்த்தரப்பு இப்போது, "இது வியாபார ஸ்டூடியோ, பாட்டு விற்கிறார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. எங்கள் குழு இதுவரை பாட்டில் ஒரு சென் பார்த்ததில்லை, கோயிலில் கொடுக்கிற சாப்பாடும் பெட்ரோல் காசும்தான். ஆகவே பேக்கேஜ் வாங்கும்போதே ரசீதில் சொந்த உபயோகம் என்று எழுதச் சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால். வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மீன் பெட்டித் துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன், விசாரணை அன்று காட்டுவதற்கு.

அறையை இப்போது மாமா, கொத்து வேலை செய்கிறவர், திருத்திக் கொடுத்திருக்கிறார். முதலில் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, நடுச்சுவரைக் கூரை வரைக்கும் செங்கல் வைத்து ஏற்றினார். சீலிங்கில் ராக்வூல் போட்டு ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, இடுக்குக்கெல்லாம் சீலன்ட். ராக்வூல் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், அரிப்பு தாங்காது. கதவு கனமான மரக்கதவு, சுற்றிலும் ரப்பர். மிஞ்சிய ராக்வூலைச் சட்டம் அடித்துத் துணி சுற்றி, நான்கு அங்குலத் தடிமனில் மூலைகளில் நிறுத்தியதில் அந்தக் கொழகொழப்பு பெரும்பாலும் போய்விட்டது. செலவு அந்த ஆள் வாங்கியதில் பாதிகூட வரவில்லை, மாமா கூலி வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரல், புல்லாங்குழல், கீபோர்டுக்கு இது தாராளம். பெரிய மழை தகரத்தில் விழுந்தால் இன்னமும் பதிவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். உறுமியும் தவிலும் வரிசை வீட்டில் அடங்காது, அதற்குத் தனிச் சுவர், தனித் தரை, தனிக் கூரை என்று அறைக்குள் அறையே கட்ட வேண்டும், அந்தக் காசு எங்களிடம் இல்லை. மேளத்தைப் பழைய தோட்டத்து மண்டபத்தில் பகலில் பதிவு செய்து எடுத்து வருகிறோம்.

அந்த ஆளுக்கே காசு கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் குவொட்டேஷன் படத்தை எனக்கு அனுப்புங்கள், விசாரணைக்கு உதவும். இன்னும் முன்பணம் கட்டாதவர்கள், அளவெடுக்க வருகிறவரிடம் ஏணியைக் கொடுத்து சீலிங்குக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழே நின்றபடியே தொண்ணூத்தஞ்சு என்று ஆரம்பித்தால் அவரேதான்.