ஜப்பான் பி.லீக், முதல் பருவம் (2016–17): ஒரு ரசிகனின் மதிப்புரை

ஜப்பானின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான பி.லீக், 2016 செப்டம்பர் 22 அன்று டோக்கியோவின் யோயோகி தேசிய உள்ளரங்கில் தொடங்கியது. அன்று எனக்கு நுழைவுச்சீட்டு கிடைக்காததால் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். 1964 ஒலிம்பிக் நீச்சல் போட்டிகளுக்காகக் கென்சோ டாங்கே வடிவமைத்த அந்தப் புகழ்பெற்ற கூரையின் கீழே, வழக்கமான மரத்தளத்துக்குப் பதிலாக எல்.இ.டி. பலகைகளால் ஆன ஆடுகளத்தை அமைத்திருந்தார்கள். எல்லைக்கோடுகளே ஒளிக்கோடுகளாக இருந்தன. வீரர்களை அறிமுகம் செய்யும்போது தரை முழுவதும் நிறம் மாறியது. கண்ணைப் பறிக்கும் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆல்வார்க் டோக்கியோ 80–75 என்று வென்ற அந்த ஆட்டத்தில் என்னை இருக்கை நுனிக்குக் கொண்டுவந்தது, பின்தங்கிய பிறகும் விடாமல் துரத்திய ரியூக்யூ கோல்டன் கிங்ஸ் அணிதான்.

அந்த இரண்டு அணிகளைத் தொடக்க ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் உண்டு. பெருநிறுவனங்களின் ஆதரவில் வளர்ந்த அணிகள் ஒரு லீக்கிலும், 2005இல் தனியே பிரிந்து உள்ளூர் ரசிகர்களை நம்பி நடந்த அணிகள் இன்னொரு லீக்கிலுமாகப் பல ஆண்டுகள் ஆடிவந்தன. இந்தப் பிளவைச் சரிசெய்யாததால், பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2014 நவம்பரில் ஜப்பானையே இடைநீக்கம் செய்தது. கால்பந்தில் ஜே.லீக்கை உருவாக்கிய சபுரோ கவாபுச்சி தலைமையேற்று இரு தரப்பையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். ஆல்வார்க், டொயோட்டாவின் அணியாக வளர்ந்தது. கோல்டன் கிங்ஸ், ஒகினாவா மக்களின் அணி. வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி ஒரே பந்தியில் உட்கார்ந்தது போல இருந்தது அந்த மாலை.

முதல் பிரிவில் 18 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 60 ஆட்டங்கள். பெரும்பாலான வாரங்களில் அதே இரண்டு அணிகள் அதே அரங்கில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து மோதின. இந்தப் பருவம் பார்வையாளனுக்குத் தந்தவற்றில் சிறந்தது இந்த இரட்டை ஆட்டம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். கவாசாகி அணியின் டொடொரோகி அரங்கில் அந்த அணியின் நிக் ஃபாசெகாஸ் ஆடுவதை இப்படித்தான் கவனித்துப் பழகினேன். ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள அவர் அதிகம் குதிப்பதில்லை. பாதம் தரையை விட்டு எழுந்ததா என்று ஐயப்படும் அளவுக்கு மெல்ல எழும்பி, ஒற்றைக் கையால் பந்தைத் தடுப்பவரின் விரல்களுக்கு மேலே தூக்கிப் போடுவார். அது ஓசையின்றி வலைக்குள் இறங்கும். ஆட்டத்துக்குச் சராசரியாக 27 புள்ளிகள் எடுத்து, மிகச் சிறந்த வீரருக்கான விருதையும் அவரே பெற்றார்.

வெளிநாட்டு வீரர்கள் பற்றி அந்தப் பருவத்தில் இருந்த விதி புதிய ரசிகர்களைக் குழப்பக்கூடியதாக இருந்தது. ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு இடங்கள், ஒரு கால்பகுதியில் அதிகபட்சம் இரண்டு பேர் என்ற வரம்புக்குள், எந்தப் பகுதியில் எத்தனை பேரைக் களமிறக்குவது என்பதை ஒவ்வொரு அணியும் ஆட்டத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு தரப்பில் இருவரும் மறு தரப்பில் ஒருவரும் ஆடிய பத்து நிமிடங்களில் கூடைக்கு அடியில் நடந்த போராட்டம் முற்றிலும் வேறாகிவிட்டது. இது புரிந்த பிறகு, அறிவிப்புப் பலகையைப் பார்த்தே பயிற்சியாளரின் திட்டத்தை ஊகிக்க முடிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அரங்குகளைப் பற்றிப் பெரிதாகப் புகழ முடியாது. முதல் பிரிவு அணிக்கு 5,000 பேர் அமரும் அரங்கு வேண்டும் என்று விதி இருந்தாலும், பலவும் நகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களே. நான் சென்ற ஓர் அரங்கில், இடைவேளையில் உணவுக்காக வரிசையில் நின்றே மூன்றாம் கால்பகுதியின் பாதியைத் தவறவிட்டேன்.

என் பெரிய மனக்குறை வேறு. வெற்றியாளரைத் தீர்மானிக்கும் சுற்றில் இரு அணிகளும் ஆளுக்கொரு ஆட்டம் வென்றால், மூன்றாவது ஆட்டத்தை இரண்டாவது முடிந்த அதே நாளில், ஐந்து நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக, மொத்தம் பத்தே நிமிடங்கள் நடத்தினார்கள். 60 ஆட்டங்கள் உழைத்த ஓர் அணியின் ஆண்டு, களைத்த கால்களோடு ஆடும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவது நியாயமில்லை. டொச்சிகி பிரெக்ஸ் அணி அரையிறுதியில் இப்படித்தான் மிகாவா அணியைக் கடந்தது. விறுவிறுப்பு இருந்தது, ஆனால் தோற்ற அணியின் முகங்களைப் பார்க்க மனம் வரவில்லை. பின்னாளில் இந்த முறையைக் கைவிட்டது சரியான முடிவு.

2017 மே 27 அன்று அதே யோயோகியில் நடந்த இறுதிப்போட்டி மட்டும் ஒற்றை முழு ஆட்டம். டொச்சிகி 85–79 என்று கவாசாகியை வென்றது. 2004இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்காக ஆடி அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வில் கால்வைத்த முதல் ஜப்பானியரான டொச்சிகியின் யூட்டா டபுசே, 36 வயதில், 173 சென்டிமீட்டர் உயரத்தில், தம்மைவிட எத்தனையோ இளையவர்களுக்கு நடுவே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பந்தை நடத்திச் சென்றார். ஆறடியைச் சற்றே தாண்டிய உயரத்தோடு கூடைக்கு அடியில் மல்லுக்கட்டிய அதே அணியின் ஜெஃப் கிப்ஸுக்கு, அந்த ஆட்டத்திலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியேற நேர்ந்தது. அந்தக் கோப்பையில் பெரும்பங்கு அவருடையது என்றே நான் கருதுகிறேன்.

இந்த லீக்கைப் புதிதாகப் பார்க்க வருபவர்கள், ஒரு நாளுக்கு மட்டும்தான் செலவு செய்ய முடியும் என்றால், ஞாயிறு ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குங்கள். சனிக்கிழமை தோற்ற பயிற்சியாளர் ஓர் இரவுக்குள் எதை மாற்றினார் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.